பின் சீட்டு நிறைந்த பிறகு

ரிம் கடையில் நாம் கேட்கும் கேள்வி ஒன்று, கடைக்காரர் பதில் சொல்லும் கேள்வி வேறு. "இது என் காடிக்குப் பொருந்துமா பாஸ்?" என்று கேட்டால், "போலே, மாசோக்" என்பார் தவுக்கே. உள்ளே போகும் என்கிறார். நான்கு நட்டும் ஏறும், சக்கரம் சுற்றும், காடி கடையை விட்டு வெளியே போகும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போவதற்கும் பொருந்துவதற்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. நம் பணமும், சில சமயம் நம் உயிரும் அந்த இடைவெளிக்குள்தான் மாட்டிக்கொள்கின்றன.

எங்கள் வீட்டுக் காடி பெரோடுவா பெஸ்ஸா, 1.3. 2016 ஜூலையில் அறிமுகமான இந்தக் காடிதான் பெரோடுவாவின் முதல் செடான். சின்னக் காடி, ஆனால் பூட் 508 லிட்டர். கிராப் ஓட்டுபவர்களுக்கு அதனாலேயே பிடிக்கும். எங்கள் வீட்டிலும் அதே காரணம்தான். ஐந்து பேர் ஏறி, பின்னால் அரிசி மூட்டை, அண்டா, தேங்காய் என்று எல்லாம் போட்டுக்கொண்டு கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கோ பத்துமலைக்கோ போக வேண்டும். தவணையை நான் கட்டுகிறேன். ஆனால் காடி எனக்கு மட்டும் சொந்தமில்லை.

இருந்தாலும் ரிம் மாற்ற ஆசை வந்தது. கம்பெனி ரிம் 14 அங்குலம், டயர் 175/65 ஆர்14. வேலை செய்யும், பார்க்க ஒன்றுமில்லை. பக்கவாட்டில் பார்த்தால் பெரிய ஆள் சின்னச் செருப்புப் போட்டதுபோல் இருக்கும். இதற்கு மேல் நியாயம் சொல்லத் தெரியவில்லை. அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் வயதுப் பையன்கள் ரிம் மாற்றினால் ஊர் அதை ரிம்மாக மட்டும் பார்ப்பதில்லை. அகல ரிம், தாழ்ந்த காடி, கறுப்புக் கண்ணாடி, உள்ளே ஒரு தமிழ்ப் பையன். இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் மனசுக்குள் ஒரு படம் ஓட்டிவிடுவார்கள். ரோட்புளோக்கில் டார்ச் வெளிச்சம் முதலில் ரிம்மில் விழும், பிறகுதான் முகத்தில். அம்மா இதை வேறு மாதிரி சொன்னார்: "பாங்கில போய் இஞ்சினியர் படிச்சிட்டு வந்து, இதெல்லாம் எதுக்குப்பா?" பொறியியல் படித்ததால்தான் இதை ஒழுங்காகச் செய்ய முடியும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

அப்பா எதிர்க்கவில்லை. அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "வண்டி காலியா இருக்கறப்ப எல்லாமே நல்லாத்தான் ஓடும்." நான்கு வருடம் இயந்திரப் பொறியியல் படித்த எனக்கு, ரிம் விஷயத்தில் வேறு யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பாடம் நடத்தியதில்லை.

கணக்குக்கு வருவோம்.

முதலில் பிசிடி. நட்டுத் துளைகளை இணைக்கும் வட்டத்தின் விட்டம் அது. பெஸ்ஸாவுக்கு 4x100, அதாவது நான்கு துளை, 100 மில்லிமீட்டர். சாகா, மைவி, ஹோண்டா சிட்டி எல்லாம் இதே குடும்பம். அதனால்தான் கடைகளில் 15 அங்குல 4x100 ரிம்கள் குவிந்து கிடக்கின்றன. பழைய ரிம் வாங்கி விற்பதும் சுலபம். 4x114.3 என்று இன்னொரு அளவும் உண்டு. எட்டுத் துளை போட்ட ரிம்கள் இரண்டுக்கும் பொருந்தும். பிசிடியில் ஏறக்குறைய என்ற பேச்சே கிடையாது. நட்டு இழுத்துப் பிடித்து ஏறுகிறது என்றால் அது தப்பான ரிம்.

இரண்டாவது நடுத்துளை. பெஸ்ஸாவின் ஹப் 54.1 மில்லிமீட்டர். கடை ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் 67.1 அல்லது 73.1. எல்லாக் காடிக்கும் போடலாம் என்று பெரிதாகவே செய்கிறார்கள். நடுவில் கிடக்கும் அந்தக் காலி இடத்தை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். ஹப் ரிங் என்பார்கள், விலை சொற்பம். அது இல்லையென்றால் ரிம்மை நடுவில் உட்கார வைக்கும் பொறுப்பு முழுவதும் நட்டுகளின் தலையில் விழுகிறது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டேரிங் நடுங்கும். பேலன்ஸ் சரியில்லை என்று நினைத்து மூன்று முறை பேலன்ஸ் பண்ணியவர்களைப் பார்த்திருக்கிறேன். வளையம்தான் இல்லை.

மூன்றாவது ஆஃப்செட். ஈடி என்று ரிம்மின் பின்புறம் அச்சடித்திருக்கும். ரிம்மின் அகலத்தை நடுவில் வெட்டினால் ஒரு கோடு வரும். அந்தக் கோட்டிலிருந்து ஹப்பில் போய் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பதே ஈடி. எண் கூடினால் சக்கரம் காடிக்குள் போகும், குறைந்தால் வெளியே வரும். ரிம்மின் அகலமும் கூடவே மாறுவதால் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, பழைய ரிம் 5.5 அங்குல அகலம், ஈடி 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் காட்டுவது 7 அங்குலம், ஈடி 35. அகலம் ஒன்றரை அங்குலம் கூடுகிறது. அதில் பாதி, 19 மில்லிமீட்டர், ஒவ்வொரு பக்கமும் போகும். ஈடி பத்து குறைந்ததால் முழுச் சக்கரமும் 10 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. ஆகவே வெளி விளிம்பு 29 மில்லிமீட்டர் மட்கார்டு பக்கம் நகரும். உள் விளிம்பு 9 மில்லிமீட்டர் அப்சோர்பர் பக்கம் நகரும். "ஒன்றரை இன்ச்தானே" என்று கடையில் சொன்னது கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டராக வெளியே நிற்கிறது. டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஜே சமான் கொடுக்கலாம். மழையில் பின்னால் வரும் மோட்டார்காரன் முகத்தில் சேற்றை வாரி அடிக்கும். எனக்கு இரண்டாவதுதான் பெரிய குற்றமாகப் படுகிறது.

நான்காவது டயரின் உயரம். ரிம் பெரிதானால் டயர் மெலிய வேண்டும், மொத்த விட்டம் மாறக் கூடாது. 175/65 ஆர்14 டயரின் விட்டம் 583 மில்லிமீட்டர். 185/55 ஆர்15 போட்டால் 584.5. ஏறக்குறைய அதே அளவு. 195/45 ஆர்16 என்றால் 582, அதுவும் சரி. 195/50 ஆர்16 என்று ஒரு எண் மட்டும் மாறினால் 601, அதாவது மூன்று சதவீதம் பெரிது. மீட்டரில் 110 காட்டும்போது முன்பைவிட 3 கிலோமீட்டர் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். மட்கார்டுக்குக் கீழே 9 மில்லிமீட்டர் குறையும். 45க்கும் 50க்கும் உள்ள வித்தியாசத்தைக் கடையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

விட்டம் சரியாக வந்தாலும் இன்னொன்று குறைகிறது. ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் ரப்பர். 14க்கு அது 114 மில்லிமீட்டர். 15க்கு 102. 16க்கு 88. 17க்கு 205/40 போட்டால் 82தான். எந்த ஊரில் ஓட்டுகிறோம் என்பது இங்கேதான் கணக்கில் சேர்கிறது.

நான் இருப்பது டெங்கில். ஒரு பக்கம் சைபர்ஜெயா, புத்ராஜெயா. அங்கே ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும். இன்னொரு பக்கம் மணல் தோண்டும் இடங்கள். மணல் ஏற்றிய லோரிகள் போய் வரும் ரோட்டில், நேற்று இல்லாத குழி இன்று இருக்கும். மழை பெய்துவிட்டால் குழி எது, வெறும் தண்ணீர் எது என்று தெரியாது. 2021 டிசம்பர் வெள்ளம் டெங்கிலையும் விடவில்லை. காடியைத் தாழ்த்த எனக்கு மனம் வராததற்கு அதுவும் ஒரு காரணம். இன்ஸ்டாகிராமில் அழகாக நிற்கும் காடிகள் பெரும்பாலும் கார் பார்க்கில் நிற்கின்றன. மணல் லோரிக்குப் பின்னால் போகிற படத்தை யாரும் போடுவதில்லை.

என் நண்பன் ஒருவன், அவனும் பெஸ்ஸாதான், 17 அங்குலம் போட்டான். ஏழரை அங்குல அகலம். ஸ்பிரிங்கும் தாழ்த்தினான். காடி நின்றால் தமானே திரும்பிப் பார்க்கும். தனியாக ஓட்டும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. ஒருநாள் கிள்ளானில் கல்யாணம். வேட்டியும் சட்டையுமாக ஐந்து பேர் ஏறினோம், பூட்டில் சீர் சாமான். எஸ்கேவிஇ நெடுஞ்சாலையில் ஒரு பாலம் ஏறி இறங்கும் இடத்தில், பின்னால் 'க்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்த இணைப்பிலும் அதே சத்தம். ரப்பர் கருகும் வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் மட்கார்டு விளிம்பு டயரின் தோளில் வளையமாகக் கோடு கிழித்திருந்தது. "டேய், ரெண்டு பேர் கிராப் எடுங்கடா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனுடைய சித்தப்பாவும் சித்தியும் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். பட்டுப் புடவையில் வெயிலில் நின்ற சித்தியின் முகத்தில் சிரிப்பு இல்லை. சொந்தக்காரர்களை இறக்கிவிட்டால்தான் ஓடும் காடிக்கு என்ன பொருத்தம்?

அன்றைக்கு அப்பா சொன்ன வாக்கியம் முழுதாகப் புரிந்தது. காலி வண்டியில் இடைவெளி பார்த்து, காலி வண்டியிலேயே முடிவெடுக்கிறோம். கடையில் ரிம் போடும்போது காடிக்குள் யாரும் இல்லை. ஜாக்கில் தூக்கி வைத்திருந்தால் சக்கரம் தொங்கிக்கொண்டு இன்னும் அதிக இடம் இருப்பதுபோல் காட்டும். ஆள் ஏறியதும் காடி இறங்குகிறது, குழியில் இன்னும் இறங்குகிறது, டயர் மேலே போகிறது. அந்தக் கடைசி இரண்டு சென்டிமீட்டரை யாரும் அளப்பதில்லை.

ஆகவே அளந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குக் கீழே பார்க்கிங்கில். முதலில் காலிக் காடி: சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து நான்கு மூலையிலும் குறித்துக்கொண்டேன். பிறகு எல்லாரையும் ஏறச் சொன்னேன். முன்னால் தம்பியும் அம்மாவும், பின்னால் அப்பா, பக்கத்து வீட்டு அக்கா, பாட்டி. பூட்டில் இரண்டு மூட்டை அரிசியும் தண்ணீர் நிரப்பிய நான்கு டப்பாவும். பின் பக்கம் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் இறங்கியது. முன் பக்கம் ஒன்றரை. ஸ்டேரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்பா பாதியில் இறங்கி வந்து என்னோடு முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீங்க ஏறுங்கப்பா, கணக்கு மாறிடும்" என்றேன். பத்து நிமிடம் கழித்துப் பாட்டி கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: "ஏம்ப்பா, எங்கயுமே போகலியா?"

பாட்டி பெராங் பெசார் தோட்டத்தில் கித்தா மரம் சீவியவர். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. அந்தப் போரின் ஞாபகமாகத்தான் மலாயில் 'பெரும் போர்' என்று பெயர் வைத்தார்கள். ரப்பர் உலகத்தில் அந்தத் தோட்டத்துக்குப் பெரிய பெயர் உண்டு. பிபி 260, பிபி 217 என்று இன்றும் வழங்கும் மர வகைகளில் 'பிபி' என்பது அந்தத் தோட்டத்தின் முதல் எழுத்துகள். 1990களில் புத்ராஜெயா வந்தது. தோட்டம் நகரமானது, தோட்டத்து மக்கள் டெங்கிலுக்கு வந்தார்கள். இன்று நான் கண்ணாடி மாதிரி என்று சொன்ன அந்த ரோடுகளில் சில, பாட்டி வாளி தூக்கி நடந்த நிரைகளின் மேலே போகின்றன. அந்த ரோட்டில் போகும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் பேசாமல் பார்ப்பார். அந்த ஜன்னலோர இடத்தைக் கழித்துவிட்டு எனக்கு ஒரு ரிம் தேவையில்லை.

அளந்து முடித்ததும் 16 கணக்கிலிருந்து போனது. போட முடியாது என்பதில்லை. அகலம் அடக்கமாக, ஈடி சரியாக எடுத்தால் இடம் இருந்தது. ஆனால் 88 மில்லிமீட்டர் ரப்பரை நம்பி, ஐந்து பேரோடு, இரவு மழையில் மணல் லோரி ரோட்டில் போக எனக்குத் துணிச்சல் இல்லை. முடிவு 15 அங்குலம், 6 அங்குல அகலம், ஈடி 40, டயர் 185/55. சுமை எண் 82, அதாவது ஒரு டயருக்கு 475 கிலோ, பழைய டயருக்கு எழுதியிருந்த அதே எண். இதைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம். பூவும் கோடுமாக டிரெட்டைப் பார்ப்பார்கள், சுவரில் எழுதியிருப்பதைப் படிக்க மாட்டார்கள்.

பழைய ரிம்மோடு டயரையும் சேர்த்து விற்பவர்களிடம் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். டயர் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3218 என்றால் 2018ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். பூ நிறைய இருக்கும், ரப்பர் இறுகிப்போயிருக்கும். நம்ம ஊர் வெயிலில் சும்மா கிடந்தாலும் டயருக்கு வயசாகும்.

எந்த ரிம் என்பதில்தான் ஆசையோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது. எல்லாருக்கும் பிடித்தது டிஇ37. ரேஸ் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த ஆறு கால் ரிம். 15 அங்குலம், 6 அங்குல அகலத்தில் 3.7 கிலோதான் இருந்தது, பெயரில் உள்ள 37 அந்த எடைதான். உருக்கி ஊற்றாமல் அலுமினியத்தை அடித்து உருவாக்குவதால் அந்த எடையில் அந்த வலு. கடையில் அதே ஆறு காலோடு அதே முகத்தோடு தொங்குவது வார்ப்பு நகல். முகம் ஒன்றுதான், எடை கூடுதல், வலு வேறு. ஸ்பிரிங்குக்குக் கீழே கூடுகிற ஒவ்வொரு கிலோவையும் குழியில் அப்சோர்பர் தாங்க வேண்டும். பச்சை விளக்கில் 94 குதிரைத்திறன் எஞ்சின் இழுக்க வேண்டும். ரிம்மில் ஜேடபிள்யூஎல் என்று எழுதியிருக்கும். அலாய் ரிம்களுக்கான ஜப்பானியத் தரம் அது. கூடவே விஐஏ முத்திரை இருந்தால், தனியாகச் சோதித்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அச்சில் எழுத்தைச் சேர்ப்பது சுலபம். எழுத்து மட்டும் போதாது, யார் செய்தது, யார் விற்பது என்று தெரிய வேண்டும். நான் கடைசியில் எடுத்தது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு ஜப்பானியப் பழைய செட். தராசில் நிறுத்தினேன், பேலன்ஸ் மெஷினில் வெறுமையாகச் சுற்றவிட்டு நெளிவு இல்லை என்று பார்த்தேன், துளை ஓரங்களில் வெடிப்பு தேடினேன். புது டயரோடு சேர்த்து இரண்டாயிரம் வெள்ளிக்குள் முடிந்தது.

தவுக்கேவுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம். "லு மூடா லாகி, தம்பி. பதினாறு போடு, அழகு!" என்றார். ஹப் ரிங் கேட்டபோது டிராயரைக் கிளறி நான்கு எடுத்துக் கொடுத்தார். துப்பாக்கி மாதிரி சத்தம் போடும் மெஷினால் நட்டை அடிக்க வந்த பையனிடம், கையால் முடுக்கி டார்க் ரெஞ்சில் முடித்துவிடச் சொன்னேன். நட்டை அளவுக்கு மீறி அடித்தால் அடுத்த முறை ரோட்டோரம் பஞ்சர் ஆகும்போது அம்மாவால் கழற்ற முடியாது. நட்டின் வாய் வடிவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடை ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டு வேண்டும். ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை வாய், அதை அப்படியே இதில் போட்டால் நட்டு சரியாக உட்காராது. ஏறிவிட்டதுபோல் தெரியும், நாள் போகப் போகத் தளரும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை மறுபடி பார்த்தேன். இரண்டு நட்டு கால் சுற்று போனது.

புது ரிம் வந்த அன்று தமானில் யாரும் கூடவில்லை. அம்மா மட்டும் ஒரு தரம் சுற்றி வந்து, "கழுவறதுக்கு ஈசியா இருக்குமா?" என்று கேட்டார். பாட்டி குனிந்து டயர் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "இதுல நம்ம பால் இருக்குமா?" என்றார். காடி டயரில் செயற்கை ரப்பரும் கலந்திருக்கும், ஆனால் வளைந்து கொடுக்க வேண்டிய சுவருக்குக் கித்தாப் பால் இன்னும் வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு, கதவைத் திறந்து ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் ஆறு மூட்டை சாமானோடு பத்துமலை போய் வந்தோம். பாலத்து இணைப்புகளில் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். பின்னாலிருந்து பேச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது.

இப்போது தம்பி லைசென்ஸ் எடுத்துவிட்டான். சொந்தமாக ஒரு பழைய சாகா வாங்கப் போகிறானாம், 16 போடுவானாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டேப்பையும் டார்ச்சையும் கொடுத்திருக்கிறேன். முதலில் எல்லாரையும் ஏற்றி உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன்.